பொடிக்கடைக்காரர் பதில்கள்: காபி மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு

போன இதழில் ஃபில்டர் அடைப்பைப் பற்றி எழுதும்போது, "எங்கள் வீட்டிலும் ஒரு மெஷின் இருக்கிறது" என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். முப்பது வருடம் தஞ்சாவூரில் காபிப்பொடி அரைத்து விற்றவன் வீட்டில் மெஷினா என்று திட்டி நான்கு கடிதம், எந்த மெஷின் வாங்கலாம் என்று கேட்டு ஒரு கட்டுக் கடிதம். திட்டியவர்களுக்குக் கடைசியில் வருகிறேன்.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மாமியாருக்கு 79 வயது. காலை ஐந்து மணிக்குக் காபி வேண்டும். ராத்திரியே டிகாஷன் இறக்கி வைத்தால் "இது நேத்து காபி" என்கிறார். தானாகவே காபி போடும் மெஷின் வாங்கலாம் என்று கடைக்குப் போனோம். மூவாயிரம் ரூபாயிலும் இருக்கிறது, எழுபதாயிரத்திலும் இருக்கிறது. எல்லாமே நல்லது என்கிறார் விற்பவர். எதை வாங்குவது?
*ஸ்ரீரங்கம் வாசகி*

அம்மா, விற்பவர் பொய் சொல்லவில்லை. எல்லாம் நல்ல மெஷின்தான். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஊர்க் காபிக்குச் செய்தது. மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் மாமியாரின் டம்ளரை ஒரு தடவை பாருங்கள். கால் பங்கு டிகாஷன், முக்கால் பங்கு பால், சர்க்கரை. அந்தக் கால் பங்கு கள்ளிச்சொட்டாக இருந்தால்தான் முக்கால் பங்கு பாலைத் தாங்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குள் போனால் பாதிக் குழப்பம் வாசலிலேயே தீர்ந்துவிடும்.

மூவாயிரத்தில் நீங்கள் பார்த்தது டிரிப் மெஷின். அதற்குள் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. பின்னால் தண்ணீர்த் தொட்டி, அடியில் சூடாகும் ஒரு குழாய். குழாய்க்குள் தண்ணீர் கொதித்து எழும் குமிழி, தனக்கு மேலே இருக்கும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு உச்சிக்குப் போகிறது. அங்கிருந்து பொடி மேல் சொட்டுகிறது. பம்ப் இல்லை, மோட்டார் இல்லை. அந்தக் கொர்கொர் சத்தம் எல்லாம் நீராவியின் சத்தம். எழுபதாயிரத்தில் பார்த்தது கொட்டையைப் போட்டால் தானே அரைத்து, தானே அமுக்கி, எஸ்பிரெஸோ, அதாவது அழுத்தம் கொடுத்துப் பிழியும் கெட்டிக் காபி, இறக்கிப் பாலையும் நுரைக்க வைத்துத் தரும் முழு ஆட்டோமேட்டிக். இரண்டுக்கும் நடுவில், பொடியை நாமே கைப்பிடியில் போட்டு அமுக்கிப் பூட்ட வேண்டிய எஸ்பிரெஸோ மெஷின் ஒன்று இருக்கும். ஐந்து மணிக்கு அரைத்தூக்கத்தில் 79 வயதில் பூட்டித் திறக்கிற வேலை அது இல்லை. அதை விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு டிரிப் மெஷின் போதும். ஆனால் அதோடு வரும் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவை அப்படியே நம்பிவிடாதீர்கள். உலகம் முழுக்க டிரிப் காபிக்குச் சொல்லும் கணக்கு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 55 கிராம் பொடி. அவர்கள் அதைக் கறுப்பாக, கோப்பை நிறைய, அப்படியே குடிக்கிறார்கள். அதற்கு அது சரியான கணக்கு. அதில் நீங்கள் முக்கால் பங்கு பாலை ஊற்றினால் வருவது காபி வாசனை பட்ட பால். "மெஷின் காபி நல்லா இல்லை" என்று சொல்கிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் வீட்டில் நான் பார்த்த தப்பு இதுதான். மெஷின் மேல் பழி, தப்பு கரண்டியில்.

என் அளவு இது: 300 மில்லி தண்ணீர், 45 கிராம் பொடி. எடை போட்டுப் போடுங்கள், கரண்டிக் கணக்கு கைக்குக் கை மாறும். பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஆகையால் கீழே 200 மில்லிக்குக் கொஞ்சம் கூடக்குறைய வரும். நான்கு டம்ளருக்குத் தாராளம். நம் பித்தளை ஃபில்டரின் முதல் டிகாஷன் அளவுக்கு வராது. இரண்டாம் டிகாஷனுக்கு ஒரு படி மேலே நிற்கும்.

அப்புறம் சூடு. பொடி மேல் விழும் தண்ணீர் 92 டிகிரியிலிருந்து 96 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் புளிப்பு முன்னால் நிற்கும், கசப்பும் இனிப்பும் பொடியிலேயே தங்கிவிடும். இதைப் பெட்டியில் போட மாட்டார்கள். பெட்டியில் போடுவது வாட். நான் வாங்கும்போது, பக்கத்து மிட்டாய்க் கடை மாஸ்டரிடம் பாகு பார்க்கும் தெர்மாமீட்டரைக் கடன் வாங்கிப் பொடிக்கூடைக்குள் நீட்டிப் பார்த்தேன். முதலில் வாங்கிய மலிவு மெஷினில் பாதித் தண்ணீர் இறங்குகிற வரைக்கும் முள் 85-ஐத் தாண்டவில்லை. 90 வந்தபோது தொட்டி காலி. இரண்டாவது மெஷினில் ஒரு நிமிடத்துக்குள் 92. வெளியில் பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. கடையில் தெர்மாமீட்டர் நீட்ட விடமாட்டார்கள். அதனால் ஒரு குறுக்கு வழி: ஒரே அளவுத் தொட்டியுள்ள இரண்டு மெஷினில் வாட் அதிகமானதை எடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு, பொடி போடுவதற்கு முன்னால் ஒரு தடவை வெறும் தண்ணீரை ஓட விடுங்கள். குழாயும் கூடையும் சூடாகியிருக்கும், அடுத்து வருவது காபிக்கான சூட்டில் வரும்.

டைமர் வைத்த மாடலைக் காட்டியிருப்பார்கள். ராத்திரியே பொடியும் தண்ணீரும் போட்டு ஐந்து மணிக்கு வைத்துவிட்டால் தானே இறங்கும் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டு மாதம் வைத்துப் பார்த்தோம். ராத்திரி பத்து நிமிடம் கரண்ட் போய் வந்தது. கடிகாரம் பன்னிரண்டு பூஜ்ஜியம் பூஜ்ஜியம் என்று மினுக்கிக்கொண்டே விடிய விடிய நின்றது. காலையில் நான் எழுந்து வந்தபோது அம்மா டவரா டம்ளரோடு மெஷினுக்கு எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "இது தூங்கிண்டிருக்குடா, எழுப்பு" என்றார். இன்னொன்று, அரைத்த பொடி திறந்த கூடையில் எட்டு மணி நேரம் கிடந்தால் வாசனையில் பாதி சமையலறைக்குப் போய்விடும். உங்கள் மாமியார் முதல் வாயிலேயே "நேத்து காபி" என்பார். அதற்காகவா கூடுதல் பணம்?

ஒரே ஒரு சுவிட்ச் உள்ள மெஷினை வாங்குங்கள். ராத்திரி தண்ணீரை மட்டும் ஊற்றி வையுங்கள். பொடியை எடை போட்டுச் சின்ன டப்பாவில் இறுக மூடிப் பக்கத்தில் வையுங்கள். ஐந்து மணிக்கு அவரே பொடியைக் கொட்டி சுவிட்சைத் தட்டட்டும். ஆறேழு நிமிடம். அந்த நேரத்தில் பால் காய்ந்துவிடும். ஃபில்டரில் இருபது நிமிடம் ஆகிற வேலை. நீங்கள் கொடுக்கும் பணம் அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு.

இறங்கியதும் டிகாஷனை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். கீழே இருக்கும் சூட்டுத் தட்டில் அப்படியே விட்டால் அரைமணியில் காய்ச்சின வாடை வந்துவிடும். கடைக்காரரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: கண்ணாடிக் குடுவை உடைந்தால் தனியாகக் கிடைக்குமா? கிடைக்காது என்றால் அந்த மெஷின் வேண்டாம். தேய்க்கும்போது உடையப்போவது அதுதான்.

கேள்வி: டிரிப் மெஷினில் பொடி போட்டால் பாதியில் தண்ணீர் கூடைக்கு மேலே பொங்கி, மேடையெல்லாம் காபி. மெஷின் பழுதா?
*மதுரை வாசகர்*

மெஷின் சரி. பொடிதான் வேறு மெஷினுக்கு உரியது. நம் ஃபில்டருக்கு அரைக்கும் பொடி நைசாக இருக்கும். ஃபில்டரில் தண்ணீரை ஒரே தடவையில் ஊற்றிவிட்டு நாம் போய்விடுகிறோம், அது தன் இஷ்டத்துக்குச் சொட்டும். மெஷின் அப்படிக் காத்திருக்காது. ஆறு நிமிடத்தில் தொட்டி முழுவதையும் கொட்டித் தீர்க்கப் பார்க்கும். கீழே வழி இல்லையென்றால் மேலே பொங்கத்தான் செய்யும்.

அதோடு சிக்கரி. சிக்கரி தண்ணீர் பட்டதும் ஊறிப் பிசுக்காகி, வலையின் கண்களை அடைத்துக்கொள்ளும். பாக்கெட்டின் மேல் எத்தனை சதவீதம் சிக்கரி என்று போட்டிருக்கும், பாருங்கள். சட்டப்படி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதாவது 49 வரைக்கும் சிக்கரியாக இருக்கலாம். மெஷினுக்கு 15-க்கு மேல் வேண்டாம்.

அரைக்கும் கடையில் "மெஷினுக்கு" என்று மட்டும் சொன்னால் எஸ்பிரெஸோ என்று நினைத்து இன்னும் மாவாக்கிவிடுவார்கள். "டிரிப் மெஷினுக்கு, நைஸ் ரவைப் பதம்" என்று சொல்லுங்கள். வாங்கி விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று தெரிய வேண்டும். என் கடையில் இதற்கென்று கல்லை ஒரு சுற்றுத் தளர்த்தி அரைத்துக் கொடுப்பேன். முன்னால் நின்ற ஆளின் நைஸ் பொடி கல்லில் ஒட்டியிருக்கும் என்பதால் முதல் கைப்பிடியைத் தனியே எடுத்துவிடுவது வழக்கம். உங்கள் கடைக்காரர் அப்படிச் செய்கிறாரா என்றும் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் இருவரும் ஐடி. அறுபதாயிரம் வரை செலவு செய்யத் தயார். கொட்டை போட்டால் காபி தரும் முழு ஆட்டோமேட்டிக் மெஷின் வாங்கினால் கும்பகோணம் டிகிரி காபி வருமா?
*கோயம்புத்தூர் வாசகர்*

வராது தம்பி. நல்ல காபி வரும். டிகிரி காபி வராது.

காரணத்தைச் சொல்கிறேன். கும்பகோணத்து டம்ளரில் இருப்பது தண்ணீர் கலக்காத, அப்போது காய்ச்சின பால், சிக்கரி கலந்த பொடி, மெல்ல மெல்லச் சொட்டின டிகாஷன். இந்த மெஷினில் சிக்கரிக்கு இடமே இல்லை, ஏனென்றால் அதற்குள் போவது முழுக் கொட்டை. அரைத்த பொடி போடச் சிலவற்றில் ஒரு தனி வாய் வைத்திருப்பார்கள். அதில் சிக்கரிப் பொடியைப் போட்டால் உள்ளே பிசினாகப் பிடித்துக்கொள்ளும். எஸ்பிரெஸோ அரை நிமிடத்தில் அழுத்தத்தோடு இறங்குவது, ருசியே வேறு. அழுத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. பெட்டியில் 15 பார், 19 பார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். காபிக்குத் தேவை 9. மீதியை வைத்துக்கொண்டு கார் கழுவலாமா என்று ஒரு விற்பனைப் பையனிடம் கேட்டேன், பாவம், சிரித்துவிட்டான்.

பால் விஷயத்தில்தான் நம் வீடுகளில் சண்டை வரும். மெஷினின் பால் குழாய் குளிர்ந்த பாலை இழுத்து 60, 65 டிகிரிக்குச் சூடாக்கி நுரைக்க வைக்கும். அதற்கு மேல் போனால் நுரை நிற்காது. நமக்கோ உதட்டில் வைக்க முடியாத சூடு வேண்டும், ஆற்றி ஆற்றிக் குடிக்க வேண்டும். காய்ச்சின பாலை ஊற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும். ஆடை போய் அந்த மெல்லிய குழாயில் உட்கார்ந்துவிடும். என் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு முறை இதற்காகவே ஆளை வரவழைத்தார்கள். ஆகவே மெஷினிடம் டிகாஷன் வேலையை மட்டும் கொடுங்கள். இரண்டு எஸ்பிரெஸோவை ஒரே டவராவில் இறக்கி, அடுப்பில் காய்ச்சின பாலை நீங்களே ஊற்றி ஆற்றுங்கள். நான் குடித்ததில் மெஷின் காபி நம் ஊர்க் காபிக்கு மிகவும் நெருங்கி வந்தது இந்த முறையில்தான்.

சரி, வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் முதலில் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். காபி அமுக்கும் அந்த முழுப் பாகமும் கையோடு கழன்று வர வேண்டும். டிலாங்கியின் மேக்னிஃபிகா, பிலிப்ஸின் முழு ஆட்டோமேட்டிக் எல்லாம் அப்படித்தான். வாரம் ஒரு முறை எடுத்துக் குழாயடியில் சும்மா தண்ணீரில் அலசினால் போதும். யூரா மாதிரிச் சில மெஷின்களில் அதைக் கழற்ற முடியாது. மாத்திரை போட்டு உள்ளேயே கழுவ வேண்டும். அது கெட்டது என்று சொல்லவில்லை. சென்னை வெயிலில் ஈரச் சக்கை நாலு நாள் உள்ளே கிடந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவன் என்பதால், எனக்குக் கழற்றி முகர்ந்து பார்க்க முடிகிற மெஷின்தான் பிடிக்கும். ஊருக்குப் போகும்போது சக்கைத் தட்டைக் காலி செய்துவிட்டுப் போங்கள்.

கொட்டையில் எண்ணெய் மினுமினுப்பு இருக்கக் கூடாது. கருகக் கருக வறுத்த கொட்டை அரவைக் கல்லில் ஒட்டி, தொட்டி நிறையக் கொட்டை இருந்தாலும் "கொட்டை இல்லை" என்று விளக்கு எரியும். நடுத்தர வறுவல் கேளுங்கள். பிளான்டேஷன் ஏ (பெரிய அராபிகா கொட்டை) முக்கால், பீபெரி (உருண்டையான ஒற்றைக் கொட்டை) கால் என்று ஆரம்பித்துப் பாருங்கள். பால் ஊற்றினால் மங்குகிறது என்று தோன்றினால் பத்துக்கு இரண்டு பங்கு ரொபஸ்டா என்ற கசப்பு கூடின வகைக் கொட்டையைச் சேருங்கள். ஒரேயடியாக ஒரு கிலோ வாங்காதீர்கள். கால் கிலோ.

இந்த மெஷின்கள் பலவும் 1,450 வாட் அளவில் இழுப்பவை. சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர், 230 வோல்ட்டில் 1,380 வாட்தான் தாங்கும். கிரைண்டரும் ஃபிரிட்ஜும் மாட்டுகிற 16 ஆம்பியர் பெரிய பாயிண்ட் மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெஷினைக் கொண்டு வாருங்கள். இருப்பதை விட்டு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்ட வேண்டாம்.

கேள்வி: வாங்கி எட்டு மாதம். முன்னெல்லாம் ஆறு நிமிடத்தில் இறங்கியது, இப்போது பன்னிரண்டு ஆகிறது, சத்தமும் அதிகம், காபி வெதுவெதுப்பு. சர்வீசுக்குக் கொடுக்கவா?
*சென்னை, வேளச்சேரி வாசகி*

கொடுப்பதற்கு முன்னால் உங்கள் வெந்நீர் கெட்டிலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா? அதேதான் மெஷினின் குழாய்க்குள்ளும். சுண்ணாம்பு சூட்டைத் தடுக்கும், குழாயைக் குறுக்கும். போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஊற்றினால் எட்டு மாதம் தாங்கியதே அதிகம்.

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்துத் தொட்டியில் ஊற்றிப் பாதி ஓடவிட்டு நிறுத்துங்கள். அரைமணி ஊறட்டும். மீதியை ஓட விடுங்கள். வருகிற தண்ணீர் மஞ்சளாக, அடியில் துகளோடு இருக்கும், பயப்பட வேண்டாம். அதன்பிறகு மூன்று தொட்டி நல்ல தண்ணீர். இல்லாவிட்டால் மறுநாள் காபி திரிந்துவிடும். பால் திரிந்ததும் பால்காரரைத் திட்டப் போகிறீர்கள். ராத்திரி முழுக்க ஊறவிடுகிற வேலை வேண்டாம், உள்ளே இருப்பது பெரும்பாலும் அலுமினியக் குழாய்.

இனி ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா என்றால் ஊற்றலாம். ஆனால் உப்பே இல்லாத தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும். என் கணக்கு, ஆர்ஓ பாதி, காய்ச்சி வடிகட்டிய மெட்ரோ தண்ணீர் பாதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எலுமிச்சை உப்பு.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மகன் வருகிறான். அங்கே காபி மெஷின் பாதி விலை. கொண்டு வரச் சொல்லவா?
*திருநெல்வேலி வாசகர்*

வேண்டாம். அது 120 வோல்ட் மெஷின். இங்கே அப்படியே மாட்டினால் ஹீட்டர் நான்கு மடங்குக்குக் கொஞ்சம் குறைய பவர் இழுக்கும். ஒரு கப் கூடப் போடாது. டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம், ஆயிரம் வாட்டுக்கு வைப்பது அம்மிக்கல் கனம் இருக்கும், மேடையில் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துகொள்ளும். மகனிடம் காகித ஃபில்டர் கொண்டு வரச் சொல்லுங்கள், எடையும் இல்லை.

கேள்வி: இந்த மெஷினை முதலில் யார் கண்டுபிடித்தது?
*விருத்தாசலம், பள்ளி மாணவி*

காகிதத்தில் வடிகட்டும் யோசனை மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண்மணியுடையது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துக்காரர். காபியில் சக்கை மிதக்கிறதே என்று மகனின் பள்ளி நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து, ஓட்டை போட்ட பித்தளைப் பாத்திரத்தில் வைத்து வடிகட்டினார். 1908-இல் பதிவும் செய்துகொண்டார். தானாகத் தண்ணீர் காய்ச்சிச் சொட்டவிடும் மின்சார மெஷினும் ஜெர்மனியில்தான் வந்தது, 1954-இல், விகோமாட் என்ற பெயரில். செய்தவர் காட்லோப் விட்மன். அவர் பெயரின் எழுத்துகளைச் சேர்த்தே மெஷினுக்குப் பெயர். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு பரவியது 1972-இல் மிஸ்டர் காபி வந்த பிறகு. உன் அம்மாவின் பாட்டி வெள்ளைத் துணியில் வடிகட்டியிருப்பார், கேட்டுப் பார்.

கேள்வி: ஊட்டியில் மெஷின் சரியாக வேலை செய்யுமா? இங்கே தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறதே.
*உதகை வாசகர்*

செய்யும். உங்கள் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி சுமாரிலேயே கொதிக்கும். காபிக்கு வேண்டியதும் அதுதான். பருப்பு வேகத்தான் உங்களுக்குக் குக்கர் வேண்டும். குளிரில் கூடை சில்லென்று இருக்கும், அதனால் வெறும் தண்ணீர் ஓட்டும் வேலையை மட்டும் தவறவிடாதீர்கள்.

கேள்வி: பொடிக்கடைக்காரரே மெஷின் வைத்திருக்கிறீர்கள், வெட்கமாக இல்லையா? காலையில் உண்மையில் எதைக் குடிக்கிறீர்கள்?
*நான்கு கடிதங்களின் சாரம்*

காலையில் ஃபில்டர். நான்கரைக்கு எழுந்துவிடுகிறேன், எனக்கு என்ன அவசரம், சொட்டட்டும். மெஷின் சாயங்காலத்துக்கு, பேரப் பிள்ளைகள் ஐந்தாறு பேரோடு வந்து இறங்கும்போது. முதலில் வாங்கிய அந்த 85 டிகிரி மெஷின் இப்போது பரணில். அம்மா மட்டும் மூன்று மணிக்கு ஒரு டம்ளர் மெஷின் காபி கேட்பார். ருசிக்காக இல்லை. முக்காலியைப் போட்டுக்கொண்டு அது கொர்கொர் என்று தண்ணீர் ஏற்றுவதைக் கடைசிச் சொட்டு வரை பார்ப்பார். நின்றதும் "ம், முடிச்சுடுத்து" என்று எனக்குக் குரல் கொடுப்பார், நான் போய் பாலை இறக்குவேன்.